குறைந்த செலவில் நம்பகமான இஸ்திரிப் பெட்டி: எதைப் பார்த்து வாங்குவது?

விலை குறைந்த இஸ்திரிப் பெட்டி பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் கெடும்: கைப்பிடியின் பின்புறம் ஒயர் நுழையும் இடம், உள்ளே இருந்து சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட், அடித்தட்டின் பூச்சு. ஸ்டீம் அயர்ன் என்றால் நான்காவதாகத் தண்ணீர்க் கசிவும் சேரும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் விவரங்களோ இந்த நான்கைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. வாட் எத்தனை, துளை எத்தனை, 'டர்போ' உண்டா, 'நானோ' உண்டா என்றுதான் இருக்கும். கையிருப்பு குறைவு என்றால் அந்த அலங்காரங்களை ஒதுக்கிவிட்டு, நல்ல தெர்மோஸ்டாட்டுக்கும் நல்ல ஒயருக்கும் மட்டும் பணம் கொடுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செலவைச் சுருக்க வேண்டியவருக்கு ஒரு தரமான ட்ரை அயர்னும் (ஆவி விடாத சாதாரணப் பெட்டி), நுண்துளிகளாகத் தெளிக்கும் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் போதும். அதே விலையில் வரும் ஸ்டீம் அயர்னைவிடப் பருத்தித் துணியை அது நன்றாகத் தேய்க்கும். கெட்டுப்போவதற்கு உள்ளே இருக்கும் பாகங்களும் குறைவு.

ஸ்டீமா, ட்ரையா?

துணியில் விழுந்த கசங்கல் போக ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் வேண்டும். பருத்தி, லினன் இழைகளில் உள்ள செல்லுலோஸ் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். துணி கசங்கியபடியே உலர்ந்தால் அந்தப் பிணைப்புகளும் கசங்கிய வடிவத்திலேயே இறுகிவிடும். தண்ணீர் பட்டால் தளரும். தளர்ந்த நேரத்தில் சூடான தட்டு துணியை நீவி உலர்த்தினால் தட்டையாக மறுபடி இறுகும். ஆக, ஸ்டீமின் முக்கிய வேலை துணிக்கு ஈரம் கொடுப்பது. அந்த ஈரத்தை ஸ்ப்ரே பாட்டில் இன்னும் தாராளமாகவே கொடுக்கும். தேய்ப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே லேசாகத் தெளித்துத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டால் ஈரம் எல்லா இடத்திலும் சமமாகப் பரவும். திட்டுத் திட்டாக நனைந்த துணியைத் தேய்ப்பதற்கும் இப்படிப் பதமான துணியைத் தேய்ப்பதற்கும் உழைப்பில் நல்ல வித்தியாசம் தெரியும்.

மலிவான ஸ்டீம் அயர்னின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் 1 கிராம் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2.57 கிலோஜூல் தேவை (கொதிநிலைக்குக் கொண்டுவர 0.31, ஆவியாக்க 2.26). நிமிடத்துக்கு 20 கிராம் ஸ்டீம் என்றால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய 860 வாட் போய்விடும். 30 கிராமுக்கு 1,285 வாட். 40 கிராமுக்கு 1,700 வாட்டுக்கு மேல். தட்டைச் சூடாக வைத்திருக்கவும் துணியை உலர்த்தவும் தேவைப்படும் சூடு இதற்கு மேல் தனி. இப்போது 1,250 வாட் பெட்டியில் 'நிமிடத்துக்கு 30 கிராம்' என்று அச்சிட்டிருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? தட்டில் ஏற்கனவே சேர்ந்திருக்கும் சூட்டை வைத்து முதல் சில விநாடிகள் அப்படி வரலாம். பிறகு தட்டு ஆறும். பெட்டிக்குள் தண்ணீர் ஆவியாகும் அறையும் ஆறிவிட, அதில் விழும் தண்ணீர் ஆவியாகாமல் தட்டின் துளைகள் வழியே சொட்டும். மலிவான ஸ்டீம் அயர்ன் 'ஒழுகுகிறது' என்ற புகார்கள் பலவற்றுக்கு ரப்பர் வாஷர் காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம். தோராயமாக, வாட்டை 60-ஆல் வகுத்தால் வரும் எண்ணே ஒரு பெட்டி தொடர்ந்து தரக்கூடிய ஸ்டீம், நிமிடத்துக்கு இத்தனை கிராம் என்று. அட்டையில் அதைவிட மிக அதிகமாக இருந்தால் அது சில விநாடிக் கணக்கு.

ஸ்டீம் உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. கம்பளிக் கோட்டு, மாட்டியபடியே கசங்கல் எடுக்க வேண்டிய உடைகள், தினமும் குவியலாகக் கனமான லினன். இவற்றுக்கு 2,000 வாட்டுக்குக் குறையாத ஸ்டீம் அயர்ன் எடுங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால் இடைப்பட்ட 1,200 வாட் ஸ்டீமுக்குப் போகாமல் ட்ரையிலேயே நில்லுங்கள். எப்போதாவது ஒரு கம்பளித் துணி தேய்ப்பவருக்கு, நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்து அழுத்தினாலே தேவையான ஆவி வந்துவிடும். பட்டுக்கு நேரடியாகத் தண்ணீர் தெளித்தால் துளி விழுந்த இடத்தில் கறை வட்டம் நிற்கக்கூடும். அதற்கும் இந்த ஈரத்துணி முறையே பாதுகாப்பு.

வாட்டும் சாக்கெட்டும்

வீட்டு உபயோகத்துக்கு 1,000 வாட் ட்ரை அயர்ன் அளவானது. 750 வாட்டும் வேலை செய்யும். ஆனால் கனமான ஈரப் பருத்தியில் தொடர்ந்து ஓட்டினால் தட்டு ஆறிக்கொண்டே வரும், சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையவே அணையாது. தனி ஆளின் சட்டைகளுக்குத் தாராளம், நான்கு பேர் துணிக்குப் பொறுமை வேண்டும். 1,000 வாட் பெட்டி அதிக மின்சாரம் 'சாப்பிடும்' என்ற பயம் தேவையில்லை. ஒரு துணியிலிருந்து ஈரத்தை எடுக்கத் தேவையான ஆற்றல் எந்தப் பெட்டியிலும் ஒன்றுதான். வாட் அதிகமான பெட்டி சீக்கிரம் சூடேறி, அதிக நேரம் அணைந்திருக்கும்.

உங்கள் சாக்கெட் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 1,000 வாட்டுக்கு 4.3 ஆம்பியர், 2,000 வாட்டுக்கு 8.7, 2,400 வாட்டுக்கு 10.4. 6 ஆம்பியர் சாக்கெட் என்றால் 1,380 வாட்தான் எல்லை. அதற்கு மேற்பட்ட பெட்டியை அடாப்டர் வைத்து அதில் செருகினால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது, சாக்கெட்டின் பித்தளைப் பிடிகள் சூடேறித் தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடேறி, கடைசியில் பிளாஸ்டிக் கருகும். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டு அதில் இஸ்திரிப் பெட்டி ஓட்டுவதும் இதே வகை ஆபத்து. ஒயரை முழுவதும் விரித்துவிடுங்கள்.

மின்னழுத்தம் அடிக்கடி குறையும் இடமானால் இன்னொன்று: சூடு வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230 வோல்ட்டுக்கான 1,000 வாட் பெட்டி 200 வோல்ட்டில் சுமார் 756 வாட்தான் தரும். அப்படிப்பட்ட இடத்தில் 750 வாட் பெட்டியை வாங்கினால் கையில் மிஞ்சுவது 570 வாட். 120 வோல்ட் நாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்த பெட்டி என்றால் கணக்கு தலைகீழ்: 230-இல் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடாகி உடனே எரிந்துபோகும்.

அடித்தட்டு

நான்கு வகை எளிதில் கிடைக்கும். பூச்சு இல்லாத அலுமினியம் சூட்டைச் சமமாகப் பரப்பும், ஆனால் கீறல் விழும். செயற்கை இழைத் துணிகளில் கொஞ்சம் பிடிக்கும். நான்-ஸ்டிக் பூச்சு நன்றாக வழுக்கும், கஞ்சி ஒட்டாது. ஜிப், உலோகப் பொத்தான் பட்டால் கோடு விழுந்து அங்கிருந்து உரியத் தொடங்கும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கீறலைத் தாங்கும், சுத்தம் செய்வது எளிது. ஆனால் எஃகு சூட்டை மெதுவாகக் கடத்தும் என்பதால் அதன் மேல் அலுமினியம் நெருக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், மலிவான பெட்டிகளில் அந்த ஒட்டு சரியில்லாமல் நடுவில் ஒரு சூடும் ஓரத்தில் ஒரு சூடுமாக இருக்கும். செராமிக் பூச்சு கடினமானது, நன்றாகவும் வழுக்கும். ஆனால் தரையில் விழுந்தால் சில்லு பெயரும். பெயர்ந்த விளிம்பு மெல்லிய துணியை இழுத்துக் கிழிக்கும்.

குறைந்த செலவுக்கு எங்கள் தேர்வு நான்-ஸ்டிக் பூசிய தடித்த அலுமினியத் தட்டு. வீட்டில் பெரும்பாலும் ஜீன்ஸும் உலோகப் பொத்தான் வைத்த உடைகளுமாக இருந்தால் பூச்சில்லாத தட்டே மேல். கீறினாலும் உரிவதற்கு ஒன்றுமில்லை.

பூச்சை விட முக்கியம் தட்டின் தடிமன். தடித்த வார்ப்புத் தட்டில் சூடு தேங்கி நிற்கும், ஈரத்துணியில் ஓட்டும்போது சட்டென்று ஆறாது. மெல்லிய தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த தட்டு சீக்கிரம் சூடேறி, சீக்கிரம் ஆறும். எலிமென்ட் (சூடேற்றும் கம்பி) போகும் பாதை மட்டும் அதிகச் சூடாக இருக்கும். பக்கவாட்டில் விளிம்பைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். எடையைத் தூக்கிப் பார்ப்பதும் உதவும், ஆனால் அதையே முழுதாக நம்ப வேண்டாம்: சில பெட்டிகளில் கைப்பிடிக்குக் கீழே ஓர் இரும்புத் துண்டை வைத்து எடை கூட்டியிருப்பார்கள். அந்த எடை துணியை அழுத்த உதவும் என்பது உண்மை, சூட்டைத் தட்டோடு சேர்ந்து தேக்கும் என்பது உறுதியில்லை. பருத்திக்கு 1 முதல் 1.5 கிலோ வசதியான எடை. மணிக்கட்டு வலி உள்ளவர்கள் 1 கிலோவுக்குக் கீழே எடுத்துக்கொண்டு, தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்துக்கொள்ளலாம்.

தட்டு சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கடையிலேயே ஓர் இரும்பு ஸ்கேலின் விளிம்பைத் தட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தட்டு குழிவு, அதன் நடுப்பகுதி துணியில் சரியாகப் படாது. விளிம்பை விரலால் தடவும்போது பிசிறு தட்டுப்படக் கூடாது. நுனி கூர்மையாகவும், பொத்தானைச் சுற்றித் தேய்க்க முன்பக்கத்தில் ஒரு சிறு வெட்டும் இருந்தால் சட்டைக்கு வசதி.

தெர்மோஸ்டாட்

பெட்டியின் ஆயுளும் உங்கள் துணியின் ஆயுளும் இந்தச் சிறு பாகத்தில்தான் இருக்கின்றன. உள்ளே இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய பட்டை ஒன்று உண்டு. சூடேறும்போது ஒரு உலோகம் மற்றதைவிட அதிகமாக விரியும், பட்டை வளையும், வளைந்ததும் மின் இணைப்புப் புள்ளிகள் விலகும். ஆறியதும் மறுபடி தொடும். டயலைத் திருப்பும்போது எத்தனை வளைந்தால் விலக வேண்டும் என்ற தூரத்தைத்தான் மாற்றுகிறீர்கள்.

புள்ளிகள் விலகும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொறி பறக்கும். தரமான தெர்மோஸ்டாட்டில் அவை சட்டென்று விலகும், பொறி அங்கேயே அணைந்துவிடும். மட்டமான தெர்மோஸ்டாட்டில் தயங்கித் தயங்கி விலகும். பொறி நீளும், புள்ளி அரிக்கும். அதன் முடிவு இரண்டில் ஒன்று. அரித்துப்போய் மின்சாரம் கடத்தாமல் பெட்டி சூடே ஆகாது. அல்லது இரண்டு புள்ளிகளும் உருகி ஒட்டிக்கொண்டு பெட்டி அணையாமல் சூடேறிக்கொண்டே போகும். இரண்டாவது நிலையைத் தடுக்கத்தான் தெர்மல் ஃப்யூஸ் என்ற கடைசிக் காவல் வைக்கிறார்கள். குறித்த சூட்டைத் தாண்டினால் அது ஒரே முறை அறுந்து, பெட்டியை நிரந்தரமாக அணைத்துவிடும். வாங்கும் மாடலில் தெர்மல் ஃப்யூஸ் உண்டா என்று விவரக் குறிப்பில் பாருங்கள். குறிப்பிடவே இல்லையென்றால் வேறு மாடலைத் தேடுங்கள்.

கடையில் மின்சாரம் கொடுக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று. டயலைக் கடைசிவரை குறைத்துவிட்டு, மெதுவாகக் கூட்டுங்கள். தொடக்கத்திலேயே ஒரு தெளிவான 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். திரும்பக் குறைக்கும்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் வழுவழுவென்று சுற்றினால், அல்லது டயல் மேலும் கீழும் ஆடினால், அந்தப் பெட்டியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

மின்சாரம் கொடுத்துப் பார்க்க விட்டால் இன்னும் நல்லது. டயலை நடு அளவில் வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் விளக்கு எரிந்தால் சூடேறுகிறது, அணைந்தால் போதிய சூடு வந்துவிட்டது என்று பொருள். 1,000 வாட் பெட்டியில் இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறை அணைய வேண்டும். ஐந்து நிமிடமாகியும் அணையாவிட்டால் வேண்டாம். அணைந்தபின் சும்மா நிறுத்தி வைத்தால், அணைந்திருக்கும் நேரம் எரியும் நேரத்தைவிடத் தெளிவாக நீளமாக இருக்க வேண்டும். சில விநாடிக்கு ஒருமுறை மினுக் மினுக்கென்று எரிந்து அணைந்தால் தெர்மோஸ்டாட் தட்டோடு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது புள்ளிகள் சரியில்லை.

முதல் முறை விளக்கு அணையும்போது தட்டின் சூடு டயலில் வைத்த அளவைத் தாண்டிப் போயிருக்கும். எலிமென்டில் தேங்கிய சூடு மின்சாரம் நின்றபின்னும் தட்டுக்கு வந்துகொண்டிருப்பதே காரணம். மலிவான பெட்டிகளில் இந்தத் தாண்டல் பெரிது. எனவே பட்டு, பாலியஸ்டர், நைலான் போன்றவற்றை, விளக்கு இரண்டாவது முறை அணைந்தபிறகே தொடுங்கள். புதுப் பெட்டியில் முதல் துணியே பொசுங்கிப் போவதற்கு இந்தப் பொறுமையின்மைதான் பெரும்பாலும் காரணம்.

டயலில் உள்ள புள்ளிகளும் துணி லேபிளில் உள்ள புள்ளிகளும் ஒரே பேச்சுதான்: ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி, இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. நைலான், அக்ரிலிக், அசிடேட் ஒரு புள்ளி, அதுவும் ஸ்டீம் இல்லாமல். பாலியஸ்டர், பட்டு, கம்பளி இரண்டு. பருத்தியும் லினனும் மூன்று. கலப்புத் துணியில் எது குறைவோ அதையே வையுங்கள். பாலியஸ்டர் உருகுவது 250 டிகிரிக்கு மேல்தான் என்றாலும், துணியில் பளபளப்புத் திட்டு விழுவது அதற்கு வெகு முன்பே நடந்துவிடும். டயலில் புள்ளிகளே இல்லாமல் 1 முதல் 6 வரை எண் மட்டும் போட்ட பெட்டிகளைத் தவிர்க்கலாம். எந்த எண் எந்தச் சூடு என்பது உற்பத்தியாளருக்கு மட்டுமே வெளிச்சம்.

சூட்டை அளந்து பார்க்க விரும்புபவர்கள் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரைப் பளபளப்பான உலோகத் தட்டில் காட்டி ஏமாற வேண்டாம். பளபளக்கும் உலோகம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே வெளியிடும், எனவே 200 டிகிரித் தட்டும் அதில் மிகக் குறைவாகக் காட்டும். தட்டைத் தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் கம்பிதான் சரி.

ஒயர், பிளக், எர்த்

ஒயரின் வெளியுறை நூலால் பின்னியதாக இருக்கட்டும். உள்ளே ரப்பர் காப்பு இருக்கும் அந்த ஒயர் சூடான தட்டை எதேச்சையாகத் தொட்டாலும் கொஞ்ச நேரம் தாங்கும். சாதாரணப் பிவிசி ஒயர் பட்ட கணமே இளகிவிடும், உள்ளே செம்பு வெளியே தெரியும். அந்த நிலையில் ஒயரைக் கையால் ஒதுக்கிவிடுபவருக்கு ஷாக்தான். நீளம் 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் எக்ஸ்டென்ஷன் தேவைப்படாது. ஒயர் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும்: 1,000 வாட்டுக்கு 3 × 0.75 சதுர மில்லிமீட்டர் போதும், 2,000 வாட்டுக்கு மேல் போனால் 3 × 1.0 அல்லது அதற்கு மேல். அதில் 3 என்பது மூன்று கம்பி என்பதைக் குறிக்கும். மூன்றாவது கம்பி எர்த். உலோக அடித்தட்டு கொண்ட ஒரு பெட்டியை எர்த் இல்லாத இரண்டு முனை பிளக்கோடு, எத்தனை மலிவாகக் கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.

கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் உறையோ எல்லாப் பக்கமும் திரும்பும் மூட்டோ இருக்க வேண்டும். தேய்க்கும்போது கை முன்னும் பின்னும் போகிற ஒவ்வொரு முறையும் அங்கேதான் ஒயர் வளைகிறது. உறை குட்டையாக இருந்தால் எல்லா வளைவும் ஒரே புள்ளியில் விழுந்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். மிச்சமிருக்கும் சில இழைகள் முழு மின்சாரத்தையும் சுமக்கும்போது அந்த இடம் சூடேறும். அசைத்தால் விளக்கு எரிந்து அணையும் நிலை வருவதற்கு முன்பே இந்தச் சூட்டைக் கையால் உணரலாம்.

பெட்டியின் பின்புறமோ அடியிலோ உற்பத்தியாளர் பெயர், மாடல் எண், வோல்ட், வாட், ஹெர்ட்ஸ் எல்லாம் அழியாதபடி குறித்திருக்க வேண்டும். மின் இஸ்திரிப் பெட்டிகளுக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தரம் ஐஇசி (IEC) 60335-2-3. அந்த எண்ணோ உங்கள் நாட்டின் கட்டாயத் தர முத்திரையோ இருப்பதைப் பாருங்கள். ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ (CE) என்ற முத்திரை மட்டும் இருந்தால், அது இவ்வகைப் பொருள்களுக்குப் பெரும்பாலும் உற்பத்தியாளர் தாமே அளித்துக்கொள்ளும் உறுதிமொழி என்பதை நினைவில் வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் திருகு உள்ள பெட்டி, சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் திறக்கக்கூடிய பெட்டி, எப்போதும் மேல். ஒயரை மாற்றுவதற்குப் புதுப் பெட்டியின் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஆனால் திறக்கவே முடியாதபடி விசேஷத் திருகு போட்டு மூடியதை எந்த மெக்கானிக்கும் விரும்பித் தொட மாட்டார். உத்தரவாதச் சீட்டில் ஒயருக்கும் தட்டின் பூச்சுக்கும் விலக்கு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கெடும் இரண்டையும் விலக்கிவிட்டுக் கொடுக்கும் உத்தரவாதத்தில் பெரிதாக எதுவும் மிச்சமில்லை.

பழைய பெட்டி வாங்குவதானால்

பத்து ஆண்டு ஓடிய கனமான ட்ரை அயர்ன் பல சமயம் புது மலிவுப் பெட்டியை விடச் சிறந்தது, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால். பிளக்கைக் கழற்றிய நிலையில், டயலைக் கூட்டி வைத்து, பிளக்கில் எர்த் அல்லாத இரண்டு முனைகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும்: 230 வோல்ட், 750 வாட்டுக்குச் சுமார் 70 ஓம், 1,000 வாட்டுக்கு 53, 2,000 வாட்டுக்கு 26. ஐந்து பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். எல்லையில்லாத் தடை காட்டினால் ஒயர், தெர்மோஸ்டாட், ஃப்யூஸ், எலிமென்ட் இவற்றில் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது.

அடுத்து, எர்த் முனைக்கும் தட்டின் உலோகப் பகுதிக்கும் இடையே. இங்கே 1 ஓமுக்கும் குறைவாக வர வேண்டும். பூச்சுள்ள தட்டில் பூச்சுக்கு மேல் வைத்தால் காட்டாது, உள்பக்க உலோகத்தையோ திருகையோ தொடுங்கள். கடைசியாக மற்ற இரண்டு முனைகளுக்கும் தட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் எலிமென்டின் காப்பு போய்விட்டது, பேரமே பேச வேண்டாம். அளக்கும்போது ஒயரை இரண்டு முனைகளிலும் வளைத்து ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் ஒயர் மாற்ற வேண்டும், அதை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பழைய ஸ்டீம் அயர்னை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே எத்தனை சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று வெளியே இருந்து கண்டுபிடிக்க வழியில்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

தட்டில் ஒட்டிய ஸ்டிக்கர், பாதுகாப்புத் தாள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். முதல் முறை சூடேறும்போது கொஞ்சம் புகையும் வாடையும் வருவது இயல்பு. உற்பத்தியில் பட்ட எண்ணெயும் பசையும் எரிவதுதான். ஜன்னலைத் திறந்துவைத்து, அதிகச் சூட்டில் பத்து நிமிடம் விட்டுப் பிறகு ஒரு பழைய வெள்ளைப் பருத்தித் துணியைத் தேய்த்துப் பாருங்கள். இரண்டாவது முறையும் அதே வாடை, அதிலும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அந்த வெள்ளைத் துணியில் மூன்று புள்ளிச் சூட்டில் வழக்கம்போல் ஓட்டும்போது பழுப்பு நிறம் ஏறக் கூடாது. அரை மணி நேரம் தொடர்ந்து தேய்த்தபின் மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: கைப்பிடி, ஒயர் நுழையும் இடம், பிளக். கைப்பிடி வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. பிளக் சுட்டால் முதலில் வேறு சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் சுட்டால் குறை பெட்டியில், அங்கே சுடாவிட்டால் குறை உங்கள் சுவரில். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுவது நல்லது.

பயன்பாட்டில் வரும் சிக்கல்கள்

தட்டில் கஞ்சி கருகி ஒட்டினால், ஆறியபின் ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைக்கலாம். பூச்சில்லாத தட்டு என்றால் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்க்கலாம். நான்-ஸ்டிக், செராமிக் தட்டில் உப்பு, ஸ்டீல் நார் எதுவும் படக் கூடாது. உருகிய செயற்கை இழை ஒட்டியிருந்தால் குறைந்த சூட்டில் இளகவைத்து, மரக்கரண்டியின் விளிம்பால் தள்ளி, பழைய பருத்தித் துணியில் ஓட்டி எடுங்கள்.

ஸ்டீம் அயர்ன் வைத்திருப்பவர்களுக்குச் சுண்ணாம்புதான் எதிரி. கடின நீர் ஆவியாகும்போது கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்புப் படிவு) ஆவி அறையிலும் துளைகளிலும் படிந்து, பிறகு வெள்ளைத் தூளாகத் துணியில் விழும். காய்ச்சி வடித்த நீரையும் குழாய் நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவது பல உற்பத்தியாளர்கள் சொல்லும் வழி. வாசனைத் திரவம், கஞ்சித் தண்ணீர் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். உள் உலோகத்தையும் ரப்பரையும் அது அரிக்கும் என்பதால், கையேட்டில் அனுமதித்திருந்தால் ஒழிய வேண்டாம். சுத்தம் செய்யும் பொத்தான் இருந்தால் மாதம் ஒருமுறை: தொட்டியை நிரப்பி, அதிகச் சூட்டில் விளக்கு இருமுறை அணையும்வரை காத்திருந்து, பிளக்கைக் கழற்றி, கழுவும் தொட்டிக்கு மேல் கிடையாகப் பிடித்துப் பொத்தானை அழுத்தி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தினமும் வேலை முடிந்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

சூடான பெட்டியில் ஒயரைச் சுற்றாதீர்கள். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, இறுக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள்.

பெட்டி ஒருநாள் அடியோடு நின்றுபோனால், விளக்கும் எரியவில்லை என்றால், முதல் சந்தேகம் ஒயர், அடுத்தது தெர்மல் ஃப்யூஸ். ஃப்யூஸ் அறுந்திருந்தால் அதை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. அது அறுந்ததே பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டதால்தான், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஃப்யூஸை எடுத்துவிட்டு நேரடியாக ஒயரை முறுக்கிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை தெர்மோஸ்டாட் ஒட்டினால் தடுக்க ஒன்றும் இருக்காது. விளக்கு எரிகிறது, சூடு மட்டும் வரவில்லை என்றால் எலிமென்ட் அறுந்திருக்கும். எலிமென்டைத் தட்டோடு சேர்த்து வார்த்திருந்தால் தட்டையே மாற்ற வேண்டும். மலிவான பெட்டியில் அதற்குச் செலவழிப்பது வீண். அப்படித் தூக்கிப்போடும்போது ஒயரை அடியோடு வெட்டிவிட்டுப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துச் செருகிப் பார்க்காதபடி.